கருந்துளைகளும் பேரண்டத்தின் முடிவும்: ஊகங்களை எப்படி எடைபோடுவது?

கருந்துளைகளைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவருக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பு. பால்வீதியின் நடுவில் சூரியனைப் போல் ஏறத்தாழ 43 இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது என்பதும், கருந்துளைகள் மெல்ல மெல்லக் கதிர்வீசிக் கடைசியில் இல்லாமற்போகும் என்பதும், நாம் வாழும் பேரண்டமே வேறொரு பேரண்டத்தின் கருந்துளைக்குள் அடங்கியிருக்கிறது என்பதும் ஒரே தொனியில், ஒரே உறுதியோடு நமக்குச் சொல்லப்படுகின்றன. இவற்றுள் முதலாவது அளந்து அறிந்தது, இரண்டாவது, பலமுறை சோதித்த கோட்பாடுகளிலிருந்து கணக்கிட்டுப் பெற்றது, ஆனால் இதுவரை எவரும் கண்டதில்லை, மூன்றாவது ஊகம். ஊகம் என்பதாலேயே அதை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. எந்த அளவீடு வந்தால் இந்தக் கருத்து பொய்த்துப்போகும் என்று அதைச் சொன்னவரால் கூற முடிகிறதா என்று கேட்டால், எந்த ஊகம் கவனத்துக்கு உரியது, எது வெறும் கற்பனை என்பது பெருமளவுக்குத் தெளிந்துவிடும்.

முதலில் அடிப்படை. ஒரு பொருளின் நிறை முழுவதையும் குறிப்பிட்ட ஆரத்துக்குள் நெருக்கிவிட்டால், அதன் ஈர்ப்பிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாது. 1916-இல் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட் வெளியிட்ட தீர்விலிருந்து பெறப்படும் இந்த ஆரம், சூரியனுக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர், பூமிக்கு 9 மில்லிமீட்டர். அந்த ஆரத்தில் அமையும் எல்லையை நிகழ்வெல்லை என்கிறோம். அங்கே சுவரோ தரையோ எதுவும் இல்லை. உள்ளே நடப்பது எதுவும் வெளியே இருப்பவருக்கு ஒருபோதும் எட்டாது என்பது மட்டுமே அதன் பொருள். கருந்துளை சுற்றியுள்ள அனைத்தையும் உறிஞ்சிவிடும் என்ற எண்ணமும் தவறு. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், பூமி இருட்டில் உறைந்துபோகுமே தவிர, தன் சுற்றுப்பாதையை விட்டு ஓரடிகூட விலகாது.

பலரும் கவனிக்காத ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் பின்னால் அது தேவைப்படும். நிகழ்வெல்லையின் ஆரம் நிறைக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. ஆனால் கொள்ளளவோ ஆரத்தின் முப்படிக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே கருந்துளை பெரிதாகப் பெரிதாக, அதன் சராசரி அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. 2019 ஏப்ரலில் படம் வெளியிடப்பட்ட எம்87 என்னும் விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளை, சூரியனைப் போல் 650 கோடி மடங்கு நிறையுள்ளது. அந்த நிறையை அதன் நிகழ்வெல்லைக்குள் சீராகப் பரப்பிப் பார்த்தால், நாம் சுவாசிக்கும் காற்றைவிடக் குறைந்த அடர்த்தியே கிடைக்கும்.

ஹாக்கிங் கதிர்வீச்சும் தொலைதூர எதிர்காலமும்

பேரண்டத்தின் முடிவைப் பேசும்போது கருந்துளைகள் ஏன் வந்து நிற்கின்றன என்பதற்கான விடை, 1970-களின் தொடக்கத்தில் இருக்கிறது. நிகழ்வெல்லையின் மொத்தப் பரப்பு ஒருபோதும் குறையாது என்று 1971-இல் ஸ்டீபன் ஹாக்கிங் நிறுவினார். ஒருபோதும் குறையாத அளவு என்றால், வெப்ப இயக்கவியலைப் படித்தவருக்கு உடனே நினைவுக்கு வருவது ஒழுங்கின்மையின் அளவான எண்ட்ரோபி. அப்போது மாணவராக இருந்த ஜேக்கப் பெக்கன்ஸ்டைன், கருந்துளையின் பரப்பே அதன் எண்ட்ரோபி என்று துணிந்து சொன்னார். எண்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும். வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு இருக்க வேண்டும். கருந்துளையிலிருந்துதான் எதுவும் வெளிவராதே என்று ஹாக்கிங் அதை மறுத்தார். பிறகு, குவாண்டம் கோட்பாட்டைச் சேர்த்து அவரே கணக்கிட்டபோது, 1974-இல் பெக்கன்ஸ்டைன் பக்கமே நியாயம் இருந்தது தெரியவந்தது. நிகழ்வெல்லைக்கு அருகே தோன்றும் துகள் இணைகளுள் ஒன்று உள்ளே விழ, மற்றொன்று தப்புகிறது என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் புரிதலுக்கான உருவகமே. அதை அப்படியே கொள்ள வேண்டாம் என்று ஹாக்கிங்கே தம் ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்திருக்கிறார்.

இதில் ஒரு பகுதியை இன்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2025 ஜனவரி 14 அன்று, வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளை உணரும் லைகோ கருவிகள் பதிவுசெய்த ஈர்ப்பலையில், ஒன்றோடொன்று இணைந்த இரு கருந்துளைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீட்டராகவும், இணைந்தபின் உருவான கருந்துளையின் பரப்பு ஏறத்தாழ 4,00,000 சதுர கிலோமீட்டராகவும் இருந்தன. பரப்பு குறையாது என்ற 1971-ஆம் ஆண்டு விதி தேறிவிட்டது. கதிர்வீச்சை மட்டும் இன்னும் எவரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாததற்குக் காரணமும் அதே கணக்கிலேயே இருக்கிறது.

சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை, வெப்பநிலையின் அடிமட்ட எல்லையான தனிச்சுழிக்கு மேல் ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு; எண்ணால் சொன்னால் ஏறத்தாழ 0.00000006 கெல்வின். பெருவெடிப்பின் எச்சமாக எங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சோ 2.7 கெல்வின் வெப்பநிலையில் இருக்கிறது. எனவே இன்று விண்மீன் அளவுள்ள எந்தக் கருந்துளையும் ஆவியாகிக்கொண்டிருக்கவில்லை. தான் இழப்பதைவிடப் பல மடங்கு ஆற்றலைச் சூழலிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது. வெயிலில் வைத்த மோர்ப்பானை வெப்பத்தை வாங்கினால் சூடேறும். கருந்துளையோ வாங்க வாங்க நிறை கூடி, மேலும் குளிர்ந்துபோகிறது. பேரண்டத்தின் விரிவை முடுக்கும் இருள் ஆற்றல் இன்றுள்ள அளவிலேயே நிலைத்திருந்தால், பேரண்டம் விரிந்து விரிந்து பின்னணிக் கதிர்வீச்சு இந்தக் கருந்துளைகளைவிடக் குளிர்வதற்கு இன்னும் 30,000 கோடி ஆண்டு அளவுக்கு ஆகும். பேரண்டத்தின் இன்றைய வயதே 1,380 கோடி ஆண்டுதான். ஆவியாதல் என்பது அதன்பிறகுதான் தொடங்கும்.

முடிவதற்கு ஆகும் காலத்தைச் சொற்களால் சொல்வது கடினம். சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு 2-க்குப் பின்னால் 67 சுழியங்கள் இட்டால் வரும் ஆண்டுகள். நம் பால்வீதியின் மையக் கருந்துளைக்கு 1-க்குப் பின்னால் 87 சுழியங்கள். அறிந்தவற்றுள் மிகப்பெரியவற்றுக்கு ஏறத்தாழ 100 சுழியங்கள். 1997-இல் பிரெட் ஆடம்ஸ், கிரெகரி லாஃப்லின் ஆகிய இருவரும் இந்தக் கணக்குகளைச் சேர்த்துப் பேரண்டத்தின் வருங்காலத்துக்கு ஒரு நாட்காட்டியே வரைந்தனர். அதன்படி, புதிய விண்மீன்கள் பிறப்பது இன்னும் நூறு இலட்சம் கோடி ஆண்டு அளவில் நின்றுவிடும். சிக்கனமாக எரியும் சிவப்புக் குள்ள விண்மீன்களும் அணைந்தபின், எரிந்து முடிந்த விண்மீன்களின் அடர்ந்த எச்சங்களான வெண்குள்ளன்களும் நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளுமே மிஞ்சும். பிறகு, விண்மீன்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போது ஏற்படும் தள்ளுமுள்ளுகளால் மண்டலங்களே கலைந்துபோகும். இந்தக் கட்டத்தில் எல்லாம் மையக் கருந்துளைக்குள் போய்விழும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். கணக்கோ, பெரும்பாலானவை வெளியே வீசப்பட்டு வெற்றிடத்தில் தனித்து அலையும் என்றும் சிறுபகுதியே மையத்தில் விழும் என்றும் காட்டுகிறது. புரோட்டான்கள் சிதையக்கூடியவை என்றால், அந்தப் பிணவிண்மீன்களும் கரைந்து, கருந்துளைகள் மட்டுமே இருக்கும் காலம் வரும். அவையும் ஆவியானபின் இருளும் மிகமெல்லிய கதிர்வீச்சும் மட்டுமே எஞ்சும்.

இந்த நாட்காட்டியின் ஒவ்வொரு தாளும் ஒரே அளவு நம்பகமானதன்று. விண்மீன்களின் ஆயுள் நன்கு அறிந்த அணு இயற்பியலைச் சார்ந்தது. புரோட்டான் சிதைவோ, ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே நிலத்தடிக் கலத்தில் 50,000 டன் நீரைச் சுற்றி ஒளியுணரிகளை வைத்துப் பல்லாண்டுகளாகக் காத்திருந்தும் இதுவரை ஒருமுறைகூட நிகழ்ந்ததாகத் தெரியவில்லை.

நாம் இருப்பதே கருந்துளைக்குள்ளா?

அடர்த்தியைப் பற்றி முன்பு சொன்னது இங்கே பயன்படும். கருந்துளை பெரிதாகும்போது அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது என்றால், எவ்வளவு பெரிதானால் அந்த அடர்த்தி பேரண்டத்தின் சராசரி அடர்த்திக்கு, அதாவது ஒரு கனமீட்டருக்கு ஐந்தாறு ஹைட்ரஜன் அணுக்கள் என்ற நிலைக்கு, இறங்கும் என்று கேட்கலாம். கணக்கிட்டால் ஏறத்தாழ 1,440 கோடி ஒளியாண்டு ஆரம் கிடைக்கிறது. பேரண்டத்தின் விரிவு வேகம் ஒளியின் வேகத்தை எட்டும் தொலைவான ஹப்பிள் ஆரமும் அதே 1,440 கோடி ஒளியாண்டுதான். இந்தப் பொருத்தத்தைக் கண்டு வியந்தவர்கள் பலர். இயற்பியலாளர் ராஜ்குமார் பத்ரியா 1972-இல் ‘நேச்சர்’ இதழில், பேரண்டத்தையே கருந்துளையாகக் கருதலாம் என்ற கருத்தை முன்வைத்தார்.

பொருத்தம் உண்மையே; ஆனால் அது தனியான சான்றாகாது என்பது என் கருத்து. நம் பேரண்டத்தின் வெளி வளைவின்றித் தட்டையாக இருக்கிறது என்பது பின்னணிக் கதிர்வீச்சின் அளவீடுகளிலிருந்து தெரிந்தது. தட்டையான வெளிக்கு இருக்க வேண்டிய அடர்த்தியைச் சமன்பாட்டில் இட்டால், ஹப்பிள் ஆரமும் அதற்குள் அடங்கும் நிறையின் ஷ்வார்ட்ஸ்சைல்ட் ஆரமும் சமமாகவே வந்தாக வேண்டும். ஆக, அந்தப் பொருத்தம் வெளி தட்டையானது என்பதையே வேறு வடிவில் மறுபடி சொல்கிறது. இன்னும் இரண்டு தடைகளும் உள்ளன. ஷ்வார்ட்ஸ்சைல்டின் தீர்வு, சுற்றிலும் வெற்றிடம் சூழ்ந்த ஒரு நிறைக்கு உரியது. நமது பேரண்டத்திலோ எத்திசையில் பார்த்தாலும் ஒரே சீராக மண்டலங்கள் பரவிக் கிடக்கின்றன. அடுத்து, கருந்துளைக்குள் விழுபவருக்கு, இயற்பியல் விதிகள் செல்லுபடியாகாத அந்த ஒருமைநிலை எதிர்காலத்தில் இருக்கிறது. அதைத் தவிர்க்கவே முடியாது. நமக்கோ அத்தகைய நிலை, பெருவெடிப்பாக, கடந்த காலத்தில் இருக்கிறது. திசை தலைகீழ்.

ஆயினும் இரண்டுக்கும் உறவு இருப்பதாக அறிஞர்கள் நினைப்பது காரணமில்லாமல் அன்று. கொல்கத்தாவில் பணியாற்றிய அமல் குமார் ராய்சௌத்ரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு, ஈர்ப்பு பொருள்களின் பாதைகளை எவ்வாறு ஒருங்கே குவிக்கிறது என்பதைக் காட்டுகிறது. அந்தக் குவிதலின் அடிப்படையில்தான் 1965-இல் ரோஜர் பென்ரோஸ் கருந்துளைக்குள் ஒருமைநிலை தவிர்க்க முடியாதது என்று நிறுவினார். அதையே காலத்தில் பின்னோக்கித் திருப்பி, பேரண்டத்தின் தொடக்கத்துக்குப் பொருத்தினார் ஹாக்கிங். கணிதம் ஒன்றாக இருக்கும்போது, ஒன்றின் முடிவே மற்றொன்றின் தொடக்கமோ என்ற எண்ணம் எழத்தான் செய்யும். பொருள் ஒருமைநிலையை எட்டும் முன்பே எதிர்த்துத் துள்ளி, புதிய வெளியாக விரிந்துவிடுகிறது என்று 2010-இல் நிகோடெம் பொப்லாவ்ஸ்கி முன்வைத்த கருதுகோள் அவ்வகையைச் சேர்ந்தது.

இந்தக் கருத்து 2025 மார்ச்சில் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த ஆழ்வெளிப் படங்களில் சுழலும் திசை தெரிந்த 263 மண்டலங்களை எண்ணிய லியோர் ஷமிர், அவற்றுள் 158 வலஞ்சுழியாகவும் 105 இடஞ்சுழியாகவும் இருப்பதாக எழுதினார். சுழலும் கருந்துளைக்குள் பிறந்த பேரண்டம் என்றால் ஒரு திசைக்குச் சாய்வு இருக்கலாம் என்பது வாதம். நம் பால்வீதியின் சுழற்சியால் ஒரு திசையில் சுழலும் மண்டலங்கள் சற்று ஒளிமிகுந்து தெரிந்து, எண்ணிக்கையில் கூடியிருக்கலாம் என்ற மாற்று விளக்கத்தையும் அவரே அதே கட்டுரையில் தந்திருந்தார். தலைப்புச் செய்திகளில் அது இடம்பெறவில்லை. 158-க்கு 105 என்பது தற்செயலாக எளிதில் வந்துவிடக்கூடிய வேறுபாடு அன்று. எனவே கேள்வி, எண்ணிய முறையைப் பற்றியது. 2007-இல் தொடங்கிய ‘கேலக்ஸி ஜூ’ திட்டத்தில் பொதுமக்கள் இலட்சக்கணக்கான மண்டலங்களைப் பார்த்துத் திசை குறித்தபோது, இடஞ்சுழி மண்டலங்களே மிகுதி என்று வந்தது. திட்டத்தினர் படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி மறுபடி காட்டினார்கள். மிகுதி உண்மையானால் இப்போது வலஞ்சுழி கூடியிருக்க வேண்டும். மறுபடியும் இடஞ்சுழியே கூடியது. சாய்வு வானத்தில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருந்தது. கணினி நிரல் எண்ணினாலும், எந்த மண்டலத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வில் இதே ஆபத்து உண்டு.

பந்தயம் கட்டிய ஊகங்கள்

லீ ஸ்மோலின் 1992-இல் முன்வைத்த ஊகம் இதைவிடத் துணிச்சலானது, அதே சமயம் இதைவிட நேர்மையானது. ஒவ்வொரு கருந்துளையிலிருந்தும் ஒரு சேய்ப் பேரண்டம் பிறக்கிறது. பிறக்கும்போது, ஈர்ப்பின் வலிமை, துகள்களின் நிறை போன்ற இயற்கை மாறிலிகள் சற்றே மாறுகின்றன. கருந்துளைகளை மிகுதியாக உண்டாக்கும் பேரண்டங்களே மிகுதியாகப் பெருகும். ஆகவே நாம் இருக்கும் பேரண்டத்தின் மாறிலிகள், கருந்துளைகள் உண்டாவதற்கு மிகவும் உகந்தவையாகவே அமைந்திருக்க வேண்டும். அவர் இதோடு நிற்கவில்லை. இந்தக் கருத்து எப்போது தோற்கும் என்பதற்கும் ஓர் எண்ணைத் தந்தார்.

அந்த எண்ணுக்கு ஒரு முன்கதை உண்டு. 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், பயணத்திலேயே ஒரு கணக்கைப் போட்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண்குள்ளன் நிலைத்திருக்க முடியாது என்பது அதிலிருந்து வளர்ந்த முடிவு. 1935-இல் ஆர்தர் எடிங்டன், விண்மீன் ஒன்று இப்படி எல்லையின்றிச் சுருங்குவதை இயற்கை அனுமதிக்காது என்ற தோரணையில் அதைப் பலர் முன்னிலையில் எள்ளி நகையாடினார். இருந்தும் 1.4 என்ற எண் நின்றது. நியூட்ரான் விண்மீன்களுக்கும் இதுபோல் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கருந்துளைதான். ஸ்மோலினின் வாதப்படி, இயற்கை கருந்துளைகளுக்குச் சாதகமாக அமைந்திருந்தால் இந்த உச்சவரம்பு தாழ்வாக, 1.6 மடங்கு அளவில், இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாக மிகுந்த நிறையுள்ள நியூட்ரான் விண்மீன் கிடைத்தால் தம் கருத்துக்குப் பின்னடைவு என்பதை அவர் ஒளிக்கவில்லை.

2010-இல் கிடைத்தது. ஒரு நியூட்ரான் விண்மீனின் ரேடியோத் துடிப்புகள், அதைச் சுற்றும் வெண்குள்ளனை ஒட்டிக் கடக்கும்போது நுண்ணிய அளவில் தாமதமாவதை அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி கொண்டு அளந்தபோது, அதன் நிறை 1.97 சூரியன் என்று வந்தது. பின்னர் இன்னொன்றின் நிறை 2.08 என்று அளக்கப்பட்டது. சேய்ப் பேரண்டக் கருத்தே முற்றிலும் அழிந்துவிட்டதா என்று வேண்டுமானால் வாதிடலாம். அது கட்டிய பந்தயம் தோற்றுவிட்டது.

பென்ரோஸின் சுழற்சிப் பேரண்டக் கருத்து வேறு வழியில் செல்கிறது. எல்லாக் கருந்துளைகளும் ஆவியாகி, நிறையற்ற ஒளித்துகள்கள் மட்டுமே மிஞ்சும் நிலையை எண்ணிப் பாருங்கள். நிறையில்லாத துகளுக்குக் காலம் ஓடுவதில்லை. நிறையுள்ள எதுவும் இல்லாத இடத்தில் கடிகாரமும் இல்லை, அளவுகோலும் இல்லை. பெரிது சிறிது என்பதற்கே பொருளற்றுப்போன அந்த முடிவு, கணித நோக்கில் அடுத்த பெருவெடிப்பின் தொடக்கத்தோடு பொருந்திவிடுகிறது என்கிறார் அவர். அழகான கருத்து. ஆனால் இதற்கு எலெக்ட்ரான்களும் ஒருநாள் நிறையிழக்க வேண்டும். அப்படி நிகழும் என்பதற்குச் சான்றில்லை. முந்தைய சுழற்சியின் கருந்துளை மோதல்கள் விட்டுச்சென்ற வளையங்களைப் பின்னணிக் கதிர்வீச்சில் கண்டதாக 2010-இல் அவரும் வாஹே குர்சாத்யானும் அறிவித்தனர். சில வாரங்களிலேயே, வழக்கமான கோட்பாட்டைக் கொண்டு கணினியில் உருவாக்கிய செயற்கை வானங்களிலும் அதே வளையங்கள் அதே அளவில் தென்படுவதை வேறு குழுக்கள் காட்டின.

2023-இல் வந்த ஊகம் வேறு கோணத்தைத் தொட்டது. பேரண்டத்தின் விரிவை முடுக்கும் இருள் ஆற்றல் கருந்துளைகளுக்குள்ளேயே இருக்கிறது என்றும், அதனால் வெளி விரிய விரிய, எதையும் விழுங்காமலேயே அவற்றின் நிறை கூடுகிறது என்றும் டங்கன் ஃபாரா தலைமையிலான குழு எழுதியது. பழைய நீள்வட்ட மண்டலங்களின் மையக் கருந்துளைகள் கடந்த 900 கோடி ஆண்டுகளில் 7 முதல் 20 மடங்கு வரை பெருத்திருப்பதாக அவர்கள் காட்டிய கணக்கே அதற்கு ஆதாரம். இக்கருத்தும் தன் கழுத்தைத் தானே நீட்டிக் காட்டுகிறது என்பது அதன் சிறப்பு. என்ஜிசி 3201 என்னும் விண்மீன் கொத்து 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. அதில் நிறை அளக்கப்பட்ட கருந்துளைகள் உள்ளன. இவை இத்தனை காலம் தாமாகவே வளர்ந்திருந்தால், பின்னோக்கிக் கணக்கிடும்போது, பிறந்த பொழுதில் கருந்துளையாகவே முடியாத அளவுக்கு எடை குறைந்திருக்க வேண்டும். இந்த முரண்பாட்டை அதே ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்கள்.

இருள் ஆற்றல் என்ன என்பது தெரியாத வரை நாட்காட்டியின் கடைசித் தாள்களை யாராலும் உறுதியாக எழுத முடியாது. அது மாறாமல் இருந்தால் மேலே சொன்ன நீண்ட இருள். காலப்போக்கில் வலுத்தால் அணுக்கள் வரை கிழிந்துபோகும் பெருங்கிழிவு. வலுவிழந்து திசை மாறினால் எல்லாம் மீண்டும் நெருங்கிவரும் பெருஞ்சுருக்கம். கடைசி இரண்டிலும், பெரிய கருந்துளைகள் ஆவியாவதற்குக் காலமே இருக்காது. அமெரிக்காவின் கிட் பீக் மலையில், 5,000 ஒளியிழைகளை ஒரே நேரத்தில் வெவ்வேறு மண்டலங்களை நோக்கித் திருப்பும் டெசி கருவி, ஏறத்தாழ 1.5 கோடி மண்டலங்களையும் குவேசார்கள் எனப்படும் மிகவொளிர் மண்டல மையங்களையும் அளந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகள், இருள் ஆற்றல் மெல்ல வலுவிழந்து வரக்கூடும் என்று குறிப்புக் காட்டுகின்றன. சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்புகளின் எந்த அளவீட்டுத் தொகுப்போடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, அந்தக் குறிப்பின் வலிமை 2.8 முதல் 4.2 சிக்மா வரை மாறுகிறது. சிக்மா கூடக் கூட, அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும்.